ஆரஞ்சு ஐஸில் வைத்த சொட்டு மருந்து

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு குழந்தை ஆரஞ்சு குச்சி ஐஸை என் வேட்டியில் ஒழுகவிட்டது. அதன் அம்மா பதறிப்போனாள். எனக்கோ அந்த ஆரஞ்சு எசன்ஸ் வாசனை பட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

எண்பதுகளில் நான் சுகாதார நிலையத்து ஜீப் டிரைவர். அந்த ஜீப்பை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் ஜாஸ்தி. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்து கால் துவண்டுவிட்டது. மற்றக் குழந்தைகளுக்கு உடனே சொட்டு மருந்து கொடுத்தாக வேண்டும். நர்சம்மா ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். வடக்கனந்தல் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் ஊரே உட்கார்ந்திருந்தது.

"எந்த வண்டியும் போவாது நர்சம்மா. திரும்பிக்கினு போங்க," என்றார் மீசைக்காரர் ஒருவர்.

"மலைமேல போலியோ வந்துருக்கு, மருந்து கெட்டுப்பூடும்ணா. சூடு ஏறினா வெறும் தண்ணிதான்."

"மலைமேல வந்தா எங்களுக்கு இன்னாம்மா?"

கோபம் வந்தால் நர்சம்மாவுக்குக் குரல் தணியும். "அந்தக் கிருமி வயித்துலேந்து வெளிய போவும். மழை பேஞ்சா ஓடையில கலக்கும். அந்த ஓடைத் தண்ணி எங்க வருதுண்ணா? உங்க புள்ளைங்க அதுலதான குளிக்குது?"

 மீசைக்காரர் எழுந்தார். "மரம் நவுறாது. பொட்டியக் குடுங்க, நாங்க தாண்டி வுடுறோம்."

கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டி மரத்தைத் தாண்டியது. அந்தப் பக்கம், கீழே வர முடியாமல் மலை ஜீப் ஒன்று நின்றிருந்தது. அதைத் திருப்பச் சொன்னார்கள். ஆனால் பெட்டிக்குள் ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது. மறியலில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த குச்சி ஐஸ்காரர் தன் பெட்டியைத் திறந்தார்.

"அள்ளிக்கோங்கம்மா. ஆரஞ்சுதான் கீது. சேமியா ஐஸெல்லாம் இவனுங்களே தின்னுட்டானுங்க!"

மருந்துக் குப்பிகளை உறையில் கட்டி, சுற்றிலும் குச்சி ஐஸை அடுக்கினோம். என் ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நானும் நர்சம்மாவோடு மலை ஜீப்பில் ஏறிக்கொண்டேன். மேலே போனதும், வாயைத் திறக்கவே மாட்டேன் என்ற குழந்தைகள் பெட்டியைப் பார்த்ததும் ஆவென்று நின்றன.

"சொட்டு மட்டுந்தான்! ஐஸ யாரும் தொடக் கூடாது," என்றார் நர்சம்மா. "எந்தத் தண்ணியில செஞ்சானோ! காய்ச்சிக் குடிங்கன்னு சொல்ல வந்தவ நானு."

போலியோ வந்த அந்தக் குழந்தையின் கால் சரியாகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ஊரில் இன்னொரு கால் துவளவில்லை.

அந்தக் காலத்தில் எந்தப் பள்ளிக்கூடம் விட்டாலும், எல்லோரும் ஓடிய பிறகு தொடையில் கையை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து ஒரு பிள்ளை கடைசியாக வரும். சமீபத்தில் வெள்ளிமலையில் பள்ளி விடும் நேரத்தில் நின்றிருந்தேன். இறக்கத்தில் கூச்சலோடு வந்தார்கள். பழக்க தோஷம், கடைசிப் பிள்ளைக்காகக் காத்திருந்தேன்.

அவளும் ஓடித்தான் வந்தாள்.