தம்பியின் நாற்காலியில் நான்

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். சேலையூரில் ஒரு பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்புதான் என் தம்பி பைக் விபத்தில் இறந்திருந்தான். கீழ்க்கட்டளையில் தனியாக இருந்தான், குடிப்பழக்கம். கடைசியாக என் வீட்டுக்கு வந்தபோதும் குடித்திருந்தான். "இனிமே அக்கான்னு சொல்லிட்டு வராத" என்று கதவைச் சாத்தினேன். அப்புறம் அவனைப் பிணவறையில்தான் பார்த்தேன். நான் சொன்னதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லி, தாம்பரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். எனக்குக் கோபம். குரல் போனவளைப் பைத்தியம் என்கிறாரா?

அந்த ஆலோசகர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் கதை எதுவும் கேட்கவில்லை. "இருமுங்க மேடம்" என்றார். இருமினேன். "சத்தம் வருது பாருங்க. குரல் எங்கயும் போகல."

மூன்று வாரம் மூச்சுப் பயிற்சி, முனகிப் பழகுவது, மனதில் ஓடுவதை நோட்டில் எழுதுவது. முனகல் வந்தது, பேச்சு வரவில்லை. ஆனால் தம்பியிடம் சொன்னதை நோட்டில் எழுதிவிட்டேன். அதைப் படித்தவர், "இதுக்கு வேற முறை ஒண்ணு இருக்கு. முடியலன்னா உடனே நிறுத்திடலாம்" என்று சொல்லி எதிரே ஒரு நாற்காலியைப் போட்டார். தம்பி அதில் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டுமாம்.

உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் "மன்னிச்சிருடா" என்று காற்றாகச் சொன்னேன். அழுகையில் அதுவும் நின்றுபோனது.

"இப்ப அந்த சேர்ல உட்காருங்க. நீங்கதான் தம்பி. அக்காவுக்குப் பதில் சொல்லுங்க."

மாறி உட்கார்ந்தேன். யோசிக்கவேயில்லை.

"வுடுக்கா. நீ திட்டாம வேற யாரு என்னைத் திட்டுவா?"

முழுச் சத்தத்தில் வந்தது. அவனுடைய அதே இழுவை, என் குரலில். யார் பேசியது என்று பார்க்க, வெளியே காத்திருந்த கணவர் கதவைத் திறந்துவிட்டார். "நான்தாங்க" என்றேன். அதுவும் சத்தமாகவே வந்தது. அவர் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

"இது மந்திரம் இல்ல மேடம். எல்லாருக்கும் இதே முறை சரிவராது" என்றார் ஆலோசகர். உண்மைதான். குரல் வந்துவிட்டாலும், மனசு தேறி வர இன்னும் நாலு மாதம் ஆயிற்று.

தம்பி பேசவில்லை, நான்தான் பேசினேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குரலைப் பிடுங்கி என்னைத் தண்டித்துக்கொண்டிருந்த அதே மனசுக்குள்தான் அந்த மன்னிப்பும் இருந்திருக்கிறது என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.