ஆலா பறக்கும் சின்னம்

என் தாய்மாமா கடற்படைக் கப்பலில் வேலை பார்த்தார். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது லீவில் ஜெகதாப்பட்டினம் வந்தவர், மரப்பலகையில் பதித்த தன் கப்பலின் சின்னத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினார். உச்சியில் சிங்கங்கள், சுற்றிலும் தாமரை மொட்டுகள், நடுவில் அலைகளுக்கு மேலே சிறகு விரித்த ஆலா. எனக்குத் தெரிந்த ஆலா, வலையை இழுக்கும்போது மீன் பொறுக்க வரும் பறவை. அதற்கு இவ்வளவு மரியாதையா என்று சிரித்துவிட்டேன். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காத. மேல உள்ள சிங்கம் அரசாங்கத்துக்கு. தாமரை தண்ணியிலயே பொறந்து வளர்றது, எங்களாட்டம். ஆலா எதுக்குன்னா, கடல்ல தவிக்கிறவுகளத் தேடிக் கண்டுபிடிக்கணும். அதான் எங்க கப்பலோட வேலை."

அம்மா அன்றே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் உள்ளூரப் பெருமைதான்.

அந்த லீவு முடிவதற்குள், அப்பா போன விசைப்படகு எல்லை தாண்டிவிட்டதென்று அக்கரைக் கடற்படைக்காரர்கள் ஆட்களோடு பிடித்து வைத்துக்கொண்டார்கள். உடன் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தி சின்னத்துக்கு மல்லிகைச் சரம் போட்டாள். இன்னொருத்தி கற்பூரமே காட்டிவிட்டாள். மாமா வாசற்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கப்பல எடுத்துட்டுப் போயி அப்பாவைக் கூட்டிட்டு வாங்க மாமா."

"எங்க கப்பல் எல்லைக் கோட்டுக்கு இங்கிட்டுதாம்மா. அங்கிட்டுப் போக முடியாது."

ஆலாவுக்கு ஏது கோடு? அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் லீவை நீட்டிக்கொண்டு, அம்மாவுக்குத் துணையாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருவழியாக அப்பாவை விட்டார்கள். தாடியும் மீசையுமாக, பாதி ஆளாக வேனிலிருந்து இறங்கினார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மாமா மட்டும் கிட்டே வராமல் தள்ளி நின்றார். அப்பாதான் அவரிடம் போனார். அவ்வளவுதான், மாமா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

"விடு மாப்ள. நீ என்ன செய்வ?" என்று அப்பா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஜெயிலில் கிடந்தவர் அப்பா. வீட்டில் சோறு தின்றவர் மாமா. அழ வேண்டியவர் தேற்றுகிறார், தேற்ற வேண்டியவர் அழுகிறார். இந்தப் பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, அப்பாவின் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தேன்.