செம்பூரின் ஏழு சுற்றுப் பாதையில் அத்தானோடு

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பை தாராவியிலிருந்து கிளம்பிச் செம்பூரில் இருக்கும் ஒரு புதிர்வட்டப் பாதையில் நடந்துவிட்டு வந்தோம். போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று என் ஆர்வக்கோளாறு. இன்னொன்று என் அத்தான்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருப்பவர். கீழே பட்டறை, மேலே வீடு. மழைக்காலம் முடியும் சமயத்தில் ரயில்வே பாலத்தின் நடுவில், கூட்டத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்டென்ட் வைத்தாயிற்று. தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் சந்து முனையைத் தாண்டவில்லை. "பாதி வழில என்னமும் ஆச்சுன்னா? போவவும் முடியாது, திரும்பவும் முடியாது" என்பதே பதில். அக்கா என்னிடம், "ஏலே, நீ ஊரெல்லாம் சுத்துதியே, அவுகள ஒருநாளாச்சும் நடக்க வையேம்ல" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

அப்போதுதான் இந்தப் பாதை ஞாபகம் வந்தது. பெயரைக் கேட்டு, வழி தெரியாமல் திண்டாடும் இடம் என்று நினைக்க வேண்டாம். இருப்பது ஒரே பாதை. பிரிவு கிடையாது, முட்டுச்சந்து கிடையாது. வளைந்து வளைந்து மையத்துக்குப் போகும், அதே வழியில் திரும்பி வரவேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படிக் கற்களை அடுக்கி வைத்திருப்பதை ஏழு சுற்றுக் கோட்டை என்கிறார்கள். இப்போது பல நாடுகளில் இதைத் தியானமாகவே நடக்கிறார்கள். உட்கார்ந்து செய்யும் தியானத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், கண்ணை மூடினால் குறட்டைதான். நடந்தால் மனசுக்கு என்னதான் ஆகிறது என்று பார்த்துவிட ஆசை.

காலை ஆறரைக்கு டாக்ஸி பிடித்தோம். ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மீட்டரில் நூற்று நாற்பது ரூபாய். ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் பின்பக்கத் தோட்டம் அது. கட்டணம் இல்லை, செருப்பைக் கழற்ற வேண்டும். புல்லுக்கு நடுவே சிவப்புச் செங்கல் பதித்து, சுற்றுக்குச் சுற்று வெள்ளைக் கூழாங்கல் வரிசை. மொத்த வட்டமே பதினைந்து மீட்டர் அகலம்தான். ஆனால் பாதையை நீட்டி வைத்தால் இருநூறு மீட்டர் வரும்.

"இவ்வளவுதானா? பட்டறை மாடியே இதவிடப் பெருசு" என்றார் அத்தான். நான் எதிர்பார்த்ததும் இந்தச் சின்ன அளவைத்தான். விளிம்பில் ஒரு பெஞ்சு. அக்கா மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். பாதையில் எங்கே இருந்தாலும் அக்கா ஐம்பதடிக்குள்தான். அதைப் பார்த்தபிறகே அத்தான் காலை எடுத்து வைத்தார்.

மெதுவாக நடப்பது எங்கள் மும்பைக்காரர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் போன எனக்கு அவரை ஓவர்டேக் செய்யக் கால் அரித்தது. ஒவ்வொரு சுற்றிலும் பாதை ஒருமுறை அக்கா பக்கம் வரும். அத்தான் நின்று பையைப் பார்ப்பார். "எப்படி இருக்கு?" என்பாள் அக்கா. "இருக்கேன்" என்பார்.

நாலாவது சுற்றில், உள்ளே போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மராட்டிப் பெண்மணி எதிரே வந்தார். லோக்கல் ரயிலில் முப்பது வருஷம் ஏறி இறங்கியவர் அத்தான். இறங்குகிறவருக்கு முதலில் வழி விடவேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய சட்டம். "பெஹ்லே உதர்னே தோ மாப்ளே" என்று என்னையும் தடுத்துவிட்டு, கூழாங்கல்லைத் தாண்டிப் பக்கத்துச் சுற்றுக்கு ஒதுங்கினார். நானும் வழிவிட்டு, குனிந்த தலையோடு என் பாதையில் தொடர்ந்தேன். மனசு அமைதியாகிறதா என்று கவனிக்கும் மும்முரம். மையத்துக்கு வந்து நிமிர்ந்தால் அத்தானைக் காணோம். பகீரென்றது.

மனிதர் பாதையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கிய சுற்றிலேயே நேராக நடந்திருக்கிறார், அது வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதை வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

"போதும், வந்து உக்காருங்க" என்றாள் அக்கா.

"எப்படிப் போதும்? நான் இன்னும் நடுவுக்கே போவலியே" என்று சீறினார் அத்தான். பட்டறையில் தையல் கோணினால் வரும் அதே கோபம். விறுவிறுவென்று திரும்ப நுழைந்தார். நான் மையத்தில் நின்று பார்த்தேன். முதல் சுற்றில் அக்காவைப் பார்த்தார். இரண்டாவதில் பார்த்தார். பாதை மையத்தை உரசிவிட்டு மறுபடி வெளிப்பக்கம் தள்ளியபோது பல்லைக் கடித்தார். கடைசிச் சுற்றில் அக்கா எதிரே வந்தபோது பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனசு அதுவரை அமைதியானதா என்று கேட்டால், கவனிக்க மறந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் செங்கல் சுடும். போனைப் பையிலேயே விடுங்கள். எதிரே ஆள் வந்தால் ஒதுங்குங்கள், ஆனால் அவர் போனதும் உங்கள் பாதைக்கே திரும்புங்கள். இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். திரும்பும் வழியில் மாட்டுங்காவில் காபி குடித்தோம், மூன்று பேருக்கு நூற்று இருபது ரூபாய்.

அங்கிருந்து டாக்ஸியில் வந்தபோது, தாராவியின் தொண்ணூறடி சாலை ஆரம்பத்திலேயே அத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். வீடு இன்னும் முக்கால் கிலோமீட்டர். "இதர் ஹி?" என்று டிரைவர் சந்தேகமாகக் கேட்டார். "ஹா பாய், இங்கதான்" என்று இறங்கி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். மாத்திரைப் பை சீட்டிலேயே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அக்காவும் நானும்தான் பின்னால் ஓடினோம்.