தேசாதிபதிக்கு ஒரு நண்டின் மனு

என் நண்பனின் கட்டுரையைக் கெடுத்தவன் நான். வகுப்பே அதைக் கேட்டுச் சிரித்தபோது எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவனும் நான்தான்.

கொழும்பில் வெள்ளைக்காரர் ஆண்ட கடைசிக் காலம். நாங்கள் இருவரும் கல்லூரியில் விலங்கியல் படித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவன் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தான். கடற்கரை நண்டுகளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். ஆங்கிலம் தேறாதவர்களைச் சிறப்புப் பட்ட வகுப்பிலிருந்து விலக்கிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்ததால், பயந்துபோய் அதை என்னிடம் திருத்தக் கொடுத்தான்.

எங்கள் வீடு கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில். அப்பா ஊராருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பவர். அந்த மனுக்கள்தான் நான் அறிந்த உயர்ந்த ஆங்கிலம்.

"என்ன மச்சான், 'நண்டு வளை தோண்டும், அலை வந்தால் உள்ளே போகும்' எண்டு எழுதியிருக்கிறாய்? நண்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

"நண்டுக்கு என்னத்துக்கடா மரியாதை? கண்டதை எழுதினனான்."

நான் விடவில்லை. மேற்படி நண்டானது அலைகளின் இடையறாத தொல்லையால் தன் இல்லத்தைப் பலமுறை இழந்து பெரும் குடும்பத்துடன் அல்லலுறுவதை மிகப் பணிவுடன் சமர்ப்பித்தேன். முடிவில், அந்த நண்டு தங்களை என்றென்றும் வாழ்த்தக் கடமைப்பட்டுள்ளதாகவும் சேர்த்தேன். அவனும் என்னை நம்பி, அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டான்.

பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நண்டுக்கு எந்த அரசாங்கக் கந்தோரில் வேலை வேண்டும்? நாட்டை ஆளும் தேசாதிபதிக்கே எழுதட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு சிரித்து உருண்டது. திங்கட்கிழமையிலிருந்து சிறப்பு வகுப்புக்கு வரவேண்டாம் என்றார். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும்தான் சொன்னான்:

"நீயும் சிரிச்சனியடா."

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனேன். நேராக உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பதற்றத்தில், "தங்கள் மேலான சமூகத்திற்கு இந்த எளியேன் மிகப் பணிவுடன்..." என்றுதான் ஆங்கிலம் வந்தது.

அவர் கையை உயர்த்தினார். "போதும். நண்டுக்கு மனு எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டது."

அவனுடைய பழைய கட்டுரையை வாங்கிப் படித்து, வகுப்பில் இருக்கவிட்டார். எனக்குத் தண்டனை: நானே நண்டைப் பார்த்து ஒரு பக்கம் எழுதவேண்டும். திருத்துவது அவன்.

வெள்ளவத்தை மணலில் உச்சி வெயிலில் குந்தியிருந்து எழுதினேன். அவன் வாங்கி, வரிவரியாகக் கோடு இழுத்தான்.

"இதில நண்டைக் காணேல்லையே, மச்சான். மனு எழுதுற உன்ர அப்பரைத்தான் காணுது."

சிரித்தோம். பிறகு பழையபடி ஒன்றாகத் தேநீர் குடித்தோம், படம் பார்த்தோம். ஆனால் தான் எழுதிய எதையும் அவன் பிறகு என் கையில் தரவில்லை. தன் கல்யாண அழைப்பிதழைக்கூட அச்சடித்து முடித்த பிறகுதான் எனக்குக் காட்டினான்.