மதினியின் நீலத் துண்டு

பட்டாசு ஆலைக்குள் வெடிமருந்துத்தூள் உடம்பில் இறங்காதபடி, பெண்கள் எல்லோரும் துண்டால் தலையை மூடிக் கழுத்தைச் சுற்றி இறுக்கி முடிந்துகொள்வோம். எங்கள் மதினியின் துண்டு நீல நிறம்; வெளியே போனாலும் அவர் கழுத்தில் அதுதான். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகுவார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் வெடுக்கென்று திரும்புவார். திரும்பிய வேகத்திலேயே சரிந்துவிடுவார்.

உடனே ஒரு வாழைப்பழம் வரும். மருந்து வாடை தலைக்கேறினால் பழம் தின்றால் இறங்கிவிடும் என்பது எங்கள் ஆலை வைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையே இல்லாத நாளில், வீட்டில் தலை சீவும்போதும் விழுந்தார். "உடம்புல ஊறுன மருந்து லீவு நாள்ல மட்டும் எங்க போகும்?" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார் ஆலை ஃபோர்மேன். அண்ணன் இன்னொரு சீப்புப் பழம் வாங்கிவந்தான். அடடா, என்ன அறிவு!

"கழுத்தைத் திருப்புனாத்தான் கண்ணு இருட்டுது. சும்மா இருந்தா ஒண்ணுமில்ல" என்று மதினி எல்லோரிடமும் வாய் வலிக்கச் சொன்னார். ஊர் டாக்டரிடமும் சொன்னார். "எங்க வேலை பாக்குறீக?" என்று கேட்டார் அவர். பட்டாசு கம்பெனி என்றதும், "அப்ப வாடைதான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். படித்த மனுஷன், அந்தத் துண்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூன்று வருடம் இப்படியே போனது. கடைசியில் மதுரைக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா முதலில் துண்டை அவிழ்த்துக் கழுத்தைத்தான் தடவினார். தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. "மூளைக்குப் போற ரத்தக்குழாயைச் சுத்தி வளர்ந்திருக்கும்மா. கழுத்தைத் திருப்பினாலோ துண்டை இறுக்கினாலோ அது அழுத்தும். நாடி குறைஞ்சு மயக்கம் வரும். முன்னாடியே வந்திருந்தா எடுத்திருக்கலாம்" என்றார். மதினி அழவில்லை. அண்ணனைப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தீபாவளி சீசனுக்கு மதினி இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, "பாவம், மருந்து வாடை கொன்னுருச்சு" என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

அந்த நீலத் துண்டை இப்போது நான் கட்டுகிறேன், தளர்வாக. போன வாரம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வரும் புதுப்பெண் ஒருத்தி வேலையில் மயங்கி விழுந்தாள். ஃபோர்மேன் பழத்தோடு ஓடிவந்தார். அவரை விலக்கிவிட்டு அவள் துண்டை அவிழ்த்தேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நிதானமாகத் தடவிப் பார்த்தேன்.

"அங்கன என்னத்தத் தேடுறீக?" என்று அதட்டினார் ஃபோர்மேன்.

"எங்க மதினிக்கு நீங்க யாருமே தேடாததை" என்றேன்.