கோட்டுக்குள் இருந்த வீடு

காதர் பாய் போய்விட்டார் என்று அவர் மகன் சலீம் போனில் சொன்னபோது நான் என் மாடி அறையில் படுத்திருந்தேன். அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அன்றே செய்தி வந்திருக்கும். அதை மாடியில் இருந்து கேட்டது எனக்கு ஏன் கூசியது என்பதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

திருவண்ணாமலையில் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவொன்றில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார் அவர். எதிரே பழைய கல்மண்டபம். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று அதை இடிக்கப் பேச்சு வந்ததும் என்னைத் தேடி வந்தார். நான் வங்கியில் ஓய்வு பெற்றவன். மனு எழுதத் தெரியும். இருவரும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். "உனக்கு எதுக்கு பாய் இந்த வேலை?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "மழை பெஞ்சா எல்லாரும் அங்கதான ஒதுங்குறோம். நான் மட்டும் ரோட்லயா நிக்கிறேன்?" என்றார் பாய்.

மண்டபத்தை இடிப்பதில்லை என்றானது. ஆனால் அதைச் சுற்றி எல்லைக்கோடு போட்டு, உள்ளே இருக்கும் வீடுகளில் புதிதாக மாடி எழுப்பக் கூடாது என்றார்கள். கருத்துக் கேட்ட கூட்டத்தில் தெருவே எதிர்த்தது.

"உன் வூடும் உள்ளதான் வருது பாய். புள்ளைக்கு மாடி கட்டணும்னியே, மறந்துட்டியா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பாய் எழுந்தார். "மறக்கலீங்க. வூட்ல ஒரு வாரமா அதுக்குத்தான் சண்டை. இருந்தாலும் கோடு இருக்கட்டும்."

நானும் ஆமோதித்தேன். என் வீடு செங்கம் சாலையில், கோட்டுக்கு வெகுதூரம் வெளியே.

கோடு உறுதியானது. கல்யாணமானதும் சலீமுக்கு அந்தச் சின்ன வீட்டில் இடம் போதவில்லை. வேலூருக்குக் குடிபோனான். அதே வருடம் நான் மாடி கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பாய் மேலே ஏறி மலையைப் பார்த்தபடி நின்றார். "காத்து ஜாஸ்தியா வருது சார். புள்ளைங்கள இங்கயே வெச்சுக்கங்க, வெளிய விட்றாதீங்க" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நெஞ்சுவலி வந்த அன்று வீட்டில் அவரும் மனைவியும் மட்டுமே. ஆட்டோ பிடிக்க அந்த அம்மாள் தெருமுனைவரை ஓடியிருக்கிறார். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வரும் வழியில் சலீம் சொன்னான்: "நான் மேல குடியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருப்பேன் அங்கிள்."

நான் நின்றுவிட்டேன். அவன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்கள சொல்லல. அத்தா தெரிஞ்சுதான் செஞ்சாரு."

மண்டபத்தைக் காப்பாற்றியவர்கள் என்று ஊரில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். நான் மனு எழுதினேன். விட்டுக்கொடுத்தவர் அவர்.

கோடு என் வீட்டின் மேல் விழுந்திருந்தால் நான் அன்று எழுந்து நின்றிருப்பேனா? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் ஒருநாளும் அதை என்னிடம் கேட்கவில்லை.