அப்பா போட்ட மனு

அப்பாவோடு பஸ்ஸில் போகப்போகிறோம் என்ற நம்பிக்கையை மூன்றாம் வகுப்பில் எனக்குக் கொடுத்தது, தென்காசி கோர்ட்டில் அவர் போட்ட மனுதான்.

அம்மாவும் நானும் அப்போது பண்பொழியில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா சிவகிரியில். எனக்காக ஜீவனாம்சம் கேட்டு அம்மா வழக்குப் போட்டிருந்தாள். பிள்ளை தன்னுடையதுதானா என்று சந்தேகம் இருக்கிறது, ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும் என்று அப்பா பதிலுக்கு ஒரு மனுவைப் போட்டார். அது முடியாமல் வழக்கு நகராது என்றார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது வேறு.

"ஜட்ஜ் ஆர்டர் போட்டுட்டார்னா மூணு பேரும் திருநெல்வேலிக்குப் போயி ரத்தம் குடுக்கணும்" என்று வக்கீலம்மா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூணு பேரும்! எனக்கு அது போதும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் யார் எங்கே உட்காருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஜன்னல் ஓரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், அப்பாவுக்காகப் பெரிய மனசு பண்ணி நடுவில் உட்காரச் சம்மதித்தேன். பள்ளியில் தடுப்பூசி போட வந்தபோது ஊரைக் கூட்டியவள் இனி ஊசிக்கு அழுவதில்லை என்றும் தீர்மானித்தேன். அம்மாதான் சரிப்படவில்லை. மனு என்ற பேச்சை எடுத்தாலே சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தாள். இவ்வளவு பெரிய ஆள் ஊசிக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கு இளக்காரம்.

"நான் ஒன் கையப் பிடிச்சுக்கிடுதேம்மா" என்று தைரியம் சொன்னேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

உத்தரவு சொல்கிற நாளில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. டவாலி பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனோம். நீதிபதி தலை நிமிராமல் கொஞ்சம் வாசித்தார், அவ்வளவுதான். வெளியே வந்து வக்கீலம்மா விளக்கினார்.

"மனு தள்ளுபடி. கல்யாணம் ஆகி ரெண்டு பேரும் ஒண்ணா இருந்த காலத்துல பொறந்த பிள்ளை. சும்மா சந்தேகம்னு சொல்லிட்டா மட்டும் பிள்ளைக்கு ரத்தம் எடுக்க உத்தரவு போட முடியாதுன்னுட்டாரு. இனிமே ஜீவனாம்சத்தத்தான் பேசணும்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் ஓவென்று அழுதேன். மாமா நெகிழ்ந்துபோனார்.

"பிள்ளைக்கே வெளங்குது பாரு! ஏட்டி, அழாத. ஐந்தருவில குளிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்."

யாருக்கு வேண்டும் அருவி? என் திருநெல்வேலிப் பயணமே போய்விட்டது. எனக்கு அந்த நீதிபதி மேல் அப்படி ஒரு கோபம்.

அப்பா தனியாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார். பாவம், அவரும் தோற்றுப்போனவர். அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு மனு போடுங்கப்பா. நான் அழாம ரத்தம் குடுப்பேன்."

அவர் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து விலக்கினார். விலக்கிய பிறகும் கையை விடவில்லை. மழையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா வந்து, அந்த வயதுப் பிள்ளையை யாரும் தூக்குவதில்லை என்றாலும் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பா அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களோடு வரமுடியாமல் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.